ஐம்பத்தைந்து முடிந்தால் கப்பல்

1964 அக்டோபர் 30 அன்று டெல்லியில் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட உடன்பாட்டைப் பேசுகிறவர்கள் தலைக்கணக்கைத்தான் முதலில் சொல்வார்கள். இலங்கை மலையகத்தில் நாடற்றவர்களாக நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்பது அந்தக் கணக்கு. அதே உடன்பாட்டில் இன்னொரு வரி இருக்கிறது. இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியவர்களில் அன்றைக்கு வேலையில் இருந்தவர்கள், தங்கள் முறை வந்து அனுப்பப்படும் நாள் வரையிலோ 55 வயது நிறையும் வரையிலோ, எது முந்தி வருகிறதோ அதுவரை வேலையில் நீடிக்கலாம் என்கிறது அது. எங்கள் சங்கரன்கோவில் தாலுகாவில் எத்தனையோ குடும்பங்களின் முதுமையை அந்த ஒரு வரிதான் தீர்மானித்தது. அந்த வரியைக் கண்ணால் படித்தவர் அவர்களில் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார்.

வேலை போனால் லயத்து அறை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறை, போகும். தோட்டத்து லயம் வேலைக்காரனுக்குக் கொடுத்தது. மனிதனுக்குக் கொடுத்தது அல்ல. வேலையும் அறையும் இல்லாத மலையில் வயதானவர் யாரை அண்டி இருப்பது? ஆகவே 55 என்பது ஓய்வு பெறும் வயதாகவும் கப்பலேறும் வயதாகவும் ஆயிற்று. ஓய்வுக்காலத்தை எங்கே கழிப்பது என்று ஒருவர் தாமே முடிவு செய்யும் உரிமை பறிபோன கதை இது. பெரிய அரசியலாக இதை எழுதியவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்தது மனுக்களின் வழியாகத் தெரிந்தது, அதை எழுதுகிறேன்.

தாலுகா அலுவலகத்துக்கு வெளியே மேசை போட்டு மனு எழுதுவது எங்கள் குடும்பத் தொழில். அப்பா 1950-களில் தொடங்கினார். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன் என்று வழக்கமான மனுக்கள் ஒரு பக்கம். 'சிலோன் மனு', 'மலேயா மனு' என்று தனித்தனிக் கட்டு ஒரு பக்கம். கார்பன் தாள் வைத்து நகல் எடுத்து, துணியில் சுற்றி, பரணில் போட்டுவைப்பார். அந்தக் கட்டுகள் இப்போது என்னிடம் இருக்கின்றன. சில தாள்களில் எழுத்து மங்கிவிட்டது. மங்காத தாள்களை வாசிக்கும்போது ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது: நான் திரும்பிப் போகலாமா?

இந்தக் கேள்வியே எழாத காலம் ஒன்று இருந்தது.

பழைய சங்கரன்கோவில் தாலுகாவின் கிழக்குப் பாதி கரிசல். திருவேங்கடம், குருவிகுளம் பக்கமெல்லாம் மழையை நம்பிய பூமி. பருத்தியும் கம்பும் போட்டு, வானம் பொய்த்தால் வாயைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்துக்கு முன்பே இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கு ஆள் போய்க்கொண்டிருந்தது. பஞ்சம் அதைப் பெருக்கியது. காப்பி நோய் கண்டு அழிந்து தேயிலை வந்தபோது, ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டியிருந்ததால் பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பத்தோடு போனார்கள். ஊர்க் கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போவார். அந்தக் கடன் ஒருவர் பெயரில் ஒட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் பின்தொடரும். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக 'துண்டு' வேண்டும். கடனை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. 1921-ல்தான் அந்த முறை சட்டப்படி ஒழிந்தது.

போகும் வழி அவ்வளவு சுலபமில்லை. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் உண்டு. 1902-ல் மதுரையிலிருந்து மண்டபத்துக்கு ரயில் வந்து, 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடி வழி பெரிய வழியாயிற்று. சங்கரன்கோவிலுக்கு ரயில் வந்தது 1927-ல், விருதுநகர்-தென்காசிப் பாதை போட்டபோது. மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் ஆட்களை நாள்கணக்கில் நிறுத்தி, அம்மை குத்தி, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் கப்பலேற்றுவார்கள். கழுத்தில் தோட்டத்தின் எண் குத்திய தகரச் சீட்டு தொங்கும். வழிச் செலவைத் தோட்டத்தின் கணக்கில் எழுத அந்தத் தகரம் போதும். மனிதரைச் சாமானாக நடத்திய முறைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தகரத்தில் தேதி இல்லை. இத்தனாம் தேதிக்குள் திரும்பாவிட்டால் நீ அந்நியன் என்று அது சொல்லவில்லை.

அதனால் போனவர்கள் வந்தார்கள், வந்தவர்கள் போனார்கள். ஆடித்தபசுக்குக் கோமதி அம்மன் சன்னதியில் நிற்க வேண்டும் என்று வருகிறவர் உண்டு. புற்று மண்ணைக் கையோடு எடுத்துப்போய் லயத்துச் சாமிக்கு முன்னால் வைத்தார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். உடம்பில் தெம்பு குறைந்ததும் சேர்த்த காசைக் கொண்டுவந்து ஊரில் இரண்டு குறுக்கம் நிலம் வாங்குவார்கள். மழை ஏமாற்றினால், மூத்த மகன் அங்கே இருந்தால், மறுபடி ரயிலேறிவிடுவார்கள். அறுபது வயதுக் கிழவி பேத்தி பிரசவத்துக்குப் போய் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வருவாள். பென்ஷன் கிடையாது, சலுகை கிடையாது. ஆனால் முதுமையை இரண்டு கரைக்கும் பங்கு போட்டு வாழ முடிந்தது.

முதல் பூட்டைப் போட்டது இலங்கை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது நம் பக்கத்திலிருந்து வந்தது. 1939-ல் இலங்கை அரசு தன் துறைகளில் தினக்கூலிக்கு இருந்த இந்தியர்களை வேலைநீக்கம் செய்யத் தொடங்கியது. ஜவாஹர்லால் நேரு அங்கே போய்ப் பேசிப் பார்த்தார், பலனில்லை. பதிலடியாக 1939 ஆகஸ்டு 1 முதல் கூலி வேலைக்கு யாரும் இலங்கை போகக்கூடாது என்று இந்திய அரசு தடை போட்டது. தொழிலாளியின் மானத்தைக் காக்கப் போட்ட தடைதான். அடி விழுந்தது தொழிலாளியின் மேல். ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியாது என்று தெரிந்ததும் தோட்டத்தில் இருந்தவர்கள் வருவதை நிறுத்தினார்கள். ஊருக்கு வந்திருந்தவர்கள் இங்கேயே மாட்டிக்கொண்டார்கள். தாயின் சாவுக்கு மகன் வரவில்லை. மகன் கல்யாணத்துக்குத் தகப்பன் போகவில்லை. 1942-ல் தடையைக் கொஞ்சம் தளர்த்தி, அங்கே வேலையில் இருந்தவர்கள் வந்து திரும்ப வழிசெய்தார்கள். நடுவில் போன மூன்று வருஷம் பிற்பாடு வேறு விதமாகக் கணக்கில் வந்தது.

எப்படி என்றால், சுதந்திர இலங்கை 1948-ல் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் அதற்கு வெளியே நின்றார்கள். 1949-ல் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம் என்று இன்னொன்று வந்தது. மணமானவர் 1946 ஜனவரி 1-க்கு முன் ஏழு ஆண்டும், மணமாகாதவர் பத்து ஆண்டும் இலங்கையில் தொடர்ந்து வசித்ததாக நிரூபித்தால் பதிவு செய்துகொள்ளலாம். நடுவில் ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் வெளியே இருந்திருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். ஏழு வருஷத்தை 1946-லிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். 1939 தொடக்கத்தில் போய் நிற்கும். அதாவது, தடையில் மாட்டி ஊரில் 12 மாதத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் அந்தக் கணக்கிலிருந்து விழுந்தார்கள். ஒரு அரசு போட்ட தடையை இன்னொரு அரசு அவர்களுடைய குற்றமாக எண்ணிக்கொண்டது. எனக்கு இந்த இடத்தில் எப்போதும் ஆத்திரம் வரும்.

அந்தச் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்குத்தான். 1949 நவம்பரில் குடிவரவுச் சட்டமும் நடைமுறைக்கு வந்ததால் அதுவரை ரயில் டிக்கெட்டும் கப்பல் டிக்கெட்டும் போதுமாக இருந்த பயணத்துக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டியதாயிற்று. கொழும்பு புறக்கோட்டையில் கடை வைத்திருந்தவர்கள், கடைச் சிப்பந்திகள், முடிதிருத்துகிறவர்கள், சலவைக்காரர்கள் எல்லாரும் தற்காலிக வசிப்பு அனுமதி என்ற சீட்டை வாங்கி, காலாவதியாகும் முன் புதுப்பித்து, அதை வைத்தே வாழ வேண்டியிருந்தது. எங்கள் கட்டில் உள்ள சிலோன் மனுக்களில் பழையவை இவர்களுடையவைதாம். 'என் அனுமதிச் சீட்டு முடிய இருக்கிறது, வயிற்றுவலிக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் இரண்டு மாதம் தவணை கொடுத்து உதவ வேண்டும்' என்கிற மாதிரி. டாக்டர் சீட்டு இணைத்து, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, பதில் வருகிறதா என்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

இனி வயது விஷயத்துக்கு வருகிறேன். 55 நிறைந்தால் என்று டெல்லியில் எழுதியாயிற்று. 55 நிறைந்ததை யார் சொல்வது? இங்கே பிறந்து அங்கே போனவர்களில் பிறப்புச் சான்று வைத்திருந்தவர்கள் அபூர்வம். ஊர்க் கர்ணம் வைத்திருந்த பிறப்பு இறப்புப் பதிவில் பெயர் இராது, 'இன்னார் மனைவிக்கு ஆண் குழந்தை' என்று இருக்கும், அதுவும் இருந்தால்தான். தோட்டத்தில் பேர் பதிந்த அன்று கிளாக்கர் முகத்தைப் பார்த்து ஒரு வயதைப் போட்டிருப்பார். சின்னப் பையனாக இருந்தால் முழுச் சம்பளம் கிடைக்க வேண்டுமென்று தகப்பனே இரண்டு வயது கூட்டிச் சொல்லியிருப்பார். பெரட்டில், அதாவது ஆள்கணக்கு எடுக்கும் இடத்தில், நின்று பேர் கொடுத்த அந்த நாளின் இரண்டு வயது, நாற்பது வருஷம் கழித்து இரண்டு வருஷ வேலையைப் பறித்துக்கொண்டது.

அப்பாவிடம் வந்த ஒரு ஆச்சி சொன்னதை அவர் அடிக்கடி சொல்லிக்காட்டுவார்: "எனக்கு என்ன வயசுன்னு எனக்கே தெரியாதுய்யா. தொரை போட்ட வயசுதான் வயசு. தொரை ஏங்கிட்ட கேக்கவும் இல்ல." அந்த ஆச்சியின் மகள் இலங்கைக் குடியுரிமை பெற்று அங்கேயே இருந்தாள். ஆச்சிக்கு இந்தியக் குடியுரிமை. ஒரே லயத்தில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்ட குடும்பம், விண்ணப்பம் போட்ட விதத்தால் இரண்டு நாடாயிற்று. தனியாகக் கப்பலேறி வந்து, திருவேங்கடத்துப் பக்கம் தூரத்து உறவினர் வீட்டுத் திண்ணையில் இருந்துகொண்டு, மகளைப் போய்ப் பார்க்க வழி கேட்டு எழுதிய மனு எங்கள் கட்டில் இருக்கிறது. மகளைப் பார்க்கத் தாய் விருந்தாளியாக விசா கேட்க வேண்டியிருந்தது. யார் கூப்பிட்டார்கள், எத்தனை நாள், செலவுக்கு யார் பொறுப்பு என்று விவரம் கேட்டுப் பதில் வந்திருக்கிறது. அதற்குப் பிந்திய தாள் கட்டில் இல்லை.

வயதைத் திருத்தக் கேட்டு எழுதிய மனுக்களில் ஜாதக நகல் வைத்தவர்கள் உண்டு. ஊர்ப் பெரியவர்கள் இருவரிடம் வாக்குமூலம் வாங்கி வைத்தவர்கள் உண்டு. உடன்பிறந்தவரின் பள்ளிச் சான்றை வைத்து, 'இவருக்கு நான் மூன்று வயது இளையவன்' என்று கணக்குச் சொன்னவர்கள் உண்டு. ஊரிலிருந்து தகப்பன் எழுதுவார், தோட்டத்திலிருந்து மகன் எழுதுவார், நடுவில் அப்பா இரண்டையும் சேர்த்து ஒரு மனுவாக ஆக்குவார். தாள்களை வைத்துப் பார்த்தால், வயது திருத்தம் கிடைத்தவர்களைவிடக் கிடைக்காதவர்களே அதிகம்.

பணம் பற்றியும் அந்த உடன்பாடு சொல்கிறது. ஊழியர் சேமலாப நிதி, பணிக்கொடை உட்படத் தங்கள் சொத்தை எடுத்துப்போகலாம், ஒரு குடும்பம் எடுத்துப்போகக்கூடிய உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே இறக்க மாட்டோம் என்று இலங்கை ஒப்புக்கொண்டது. இலங்கையில் சேமலாப நிதிச் சட்டமே 1958-ல்தான் வந்தது என்பதால் பழைய தொழிலாளிகளின் பெரும்பகுதி உழைப்பு அந்தக் கணக்குக்குள் வரவே இல்லை. வந்த பணமும் ஒரே தவணையாகக் கைக்கு வரவில்லை. நிலுவைத் தொகை கேட்டு எழுதியவைதான் எங்கள் கட்டில் எண்ணிக்கையில் அதிகம். கப்பலேறும் முன் கணக்கு முடிக்காதவர், இங்கிருந்து தபாலில் முடிக்க வேண்டும். கைநாட்டுக்காரருக்கு அது எவ்வளவு பாரம் என்பது எழுதிக் கொடுத்தவர்களுக்குத் தெரியும்.

உடன்பாடு கையெழுத்தாகி இரண்டு மாதம் ஆவதற்குள், 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பிறகு ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையில் ஓடிய 'ராமானுஜம்' கப்பலில்தான் தாயகம் திரும்பியோர் வந்தார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குடும்ப அட்டை உண்டு. யாருக்குத் தொழில் கடன், யாருக்கு நூற்பாலை வேலை, யாருக்கு நீலகிரியில் 1968-ல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை என்பது அதில் குறித்திருக்கும். வேலை கொடுக்கும் திட்டங்கள் எல்லாம் உழைக்கிற வயதினருக்கு. 55 முடிந்து வந்தவருக்குப் பிள்ளைகளின் அட்டையில் ஒரு பெயராக இருப்பதைத் தவிர வேறு இடமில்லை. பிள்ளைகள் அக்கரையில் இருந்தால் அதுவும் இல்லை. உழைத்து முடித்தவரை அனுப்புவதற்கென்றே ஒரு வயதை எழுதிய இரண்டு அரசுகளும், வந்து இறங்கிய பின் அவர் எப்படிச் சாப்பிடுவார் என்று ஒரு வரி எழுதவில்லை. இது நடந்த அநியாயம் என்றுதான் சொல்வேன்.

1974-ல் மீதி 1,50,000 பேரையும் இரண்டு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. 1984-ல் கலவரச் சூழலில் கப்பல் நின்றது. இந்தியப் பாஸ்போர்ட் கையில் வைத்துக்கொண்டு சுமார் 84,000 பேர் மலையகத்திலேயே நின்றுபோனார்கள். 2003-ல் இலங்கை நாடாளுமன்றம் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டத்தை நிறைவேற்றியபோதுதான் அந்தக் கணக்கு முடிந்தது. அதற்குள், 1964-ல் 55 வயதில் இருந்தவர் உயிரோடு இருந்திருந்தால் 94 ஆகியிருக்கும்.

பர்மாவுக்குப் போனவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. 1964-ல் கடைகளும் பணமும் போய்த் திரும்பியவர்களின் கதை செட்டிநாட்டுக்கும் ராமநாதபுரத்துக்கும் உரியது. நான் மலேயாவுக்குப் போகிறேன்.

எங்களுக்குத் தென்மேற்கே உள்ள கடையநல்லூர், தென்காசிப் பகுதி நெசவாளர்கள், தறி நொடித்த காலத்தில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். மற்றவர்கள் ஆண்களை மட்டும் அனுப்பியபோது இவர்கள் பெண்களையும் கூட்டிப்போனார்கள். சிங்கப்பூர் தஞ்சோங் பகாரில் கடையநல்லூர்ப் பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்கள். அங்கே கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946-ல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியை நிறுவியது. பிரிட்டிஷ் குடிமக்கள் என்பதால் 1933-ல் வந்த அந்நியர் சட்டம் இந்தியர்களைத் தொடவில்லை. நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறினால் பினாங்கில் இறங்கலாம். இளமையில் போய், ஐம்பது தாண்டியதும் ஊருக்கு வந்து வீடு கட்டி, கையில் காசு தீர்ந்ததும் மறுபடி போய்க் கடையில் உட்காருவது அவர்களுக்கும் பழக்கம்.

1953 ஆகஸ்டு 1 முதல் மலேயாவிலும் சிங்கப்பூரிலும் புதிய குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்து, அங்கே குடியிருப்பவரும் வெளியே போனால் திரும்பி நுழைய அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும். 1959-ல் இன்னும் இறுக்கினார்கள். கணவனை விட்டுத் தொடர்ந்து ஐந்து ஆண்டு பிரிந்து ஊரில் இருந்த மனைவிக்கும், 15 வயது கடந்த பிள்ளைக்கும் கதவு அடைத்தது. மலேயா சுதந்திரம் பெற்ற 1957-க்குப் பிறகு அங்கே குடியுரிமை எடுத்தவர்கள் தப்பித்தார்கள். எடுத்தால் இந்தியக் குடியுரிமை போய்விடுமே, கடைசிக் காலத்தில் ஊர் மண்ணில் அடங்க முடியாதோ என்று பயந்தவர்கள் எடுக்கவில்லை. 1955-ஆம் ஆண்டு இந்தியக் குடியுரிமைச் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமைக்கு இடமில்லை என்பதால் அந்தப் பயம் ஆதாரமில்லாத பயமும் அல்ல. அவர்கள் மலேசியாவில் சிவப்பு அடையாள அட்டையோடு நிரந்தரவாசிகளாக நின்றார்கள். 1968-ல் மலேசியா குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதி வேண்டும் என்று சட்டம் செய்தபோது, பல்லாயிரம் பேர் மூட்டை கட்டினார்கள்.

மலேயா மனுக்களில் தொனி வேறு. சிலோன் மனு கெஞ்சும். மலேயா மனு விளக்கும். ஒரு தாத்தா, ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவர், கண் ஆபரேஷனுக்காக ஊருக்கு வந்தார். இரண்டு கண்ணையும் அடுத்தடுத்துச் செய்துவிட்டுப் போகலாம் என்று இருந்துவிட்டார். கட்டுப் பிரித்த பிறகுதான் சீட்டில் இருந்த தேதியை அவரால் படிக்க முடிந்தது, அது கடந்துபோயிருந்தது. மகன்கள் அங்கே, மனைவி அங்கே. அப்பா எழுதிய மனுவோடு ஆஸ்பத்திரிச் சான்று போனது. எட்டு மாதம் கழித்துச் சுற்றுலா விசாவில்தான் போனார். தான் வெட்டிய ரப்பர் தோட்டத்துக்குச் சுற்றுலாப் பயணியாக! 'ரஜூலா' 1973-ல் ஓய்வு பெற்றது. பிறகு வந்த 'சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் வழியும் முடிந்தது.

என் மேசைக்கு இப்போதும் இதே கேள்வி வருகிறது, ஆட்கள்தான் வேறு. மகன் அமெரிக்காவில், அப்பா அம்மாவுக்குப் பச்சை அட்டை. குளிர் தாங்கவில்லை, பேரன் வளர்ந்துவிட்டான், ஊரில் வீடு பூட்டிக் கிடக்கிறது என்று வந்துவிடுகிறார்கள். ஓராண்டுக்கு மேல் வெளியே இருப்பதாக இருந்தால் அமெரிக்காவில் இருக்கும்போதே மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், அது பொதுவாக இரண்டு ஆண்டுக்குச் செல்லும் என்பது இங்கே வந்த பிறகுதான் காதில் விழுகிறது. துபாயில் பிள்ளையோடு இருப்பவர்களுக்கு, சாதாரண வசிப்பு விசா என்றால் வெளியே இருக்க ஆறு மாதம்தான் கெடு. சிங்கப்பூர் நிரந்தரவாசிகள் செல்லுபடியாகும் மறுநுழைவு அனுமதி இல்லாமல் வெளியே தங்கினால் அந்தத் தகுதியையே இழக்க நேரிடும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டு ஊருக்கே வந்து தங்க நினைப்பவர்களுக்கு 2005-ல் வந்த ஓ.சி.ஐ. அட்டை பெரிய உதவி. வாழ்நாள் முழுதும் வந்துபோகலாம். ஆனால் வயற்காடு வாங்க முடியாது, ஓட்டு கிடையாது. அட்டை இல்லாதவர் தொடர்ந்து 180 நாளுக்கு மேல் தங்குவதானால் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். சொந்தத் தெருவில் அந்நியராகப் பதிந்துகொள்ளும் மனுவையும் நான் எழுதியிருக்கிறேன்.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோதுதான் இலங்கையின் 'மை டிரீம் ஹோம்' விசாத் திட்டத்தின் விதிகள் கண்ணில் பட்டன. வெளிநாட்டு முதியவர்கள் இலங்கைக்கு வந்து ஓய்வுக்காலத்தைக் கழிக்க அந்த நாடு கொடுக்கும் விசா அது. 15,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை போட வேண்டும், மாதம் 1,500 டாலர் வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டும். வயது வரம்பு 55-க்கு மேல். மலேசியாவும் 1996-லேயே 'சில்வர் ஹேர்' என்று வெளிநாட்டு முதியவர்களை அழைக்கத் தொடங்கி, 2002-ல் அதை 'மலேசியா என் இரண்டாம் வீடு' என்று விரித்தது. தாய்லாந்தில் 50 வயதும் வங்கியில் 8 லட்சம் பாட்டும் போதும். ஓய்வு பெற்றவரை வரவேற்பதில் தவறில்லை. வரட்டும், நன்றாக இருக்கட்டும். ஆனால் அந்த மலையில் தேயிலை நட்டவரை 55 முடிந்ததும் வெளியே அனுப்பி, அதே 55 முடிந்த இன்னொருவரைப் பணத்தோடு உள்ளே அழைக்கிற இரண்டு விதிகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்று எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. முதுமைக்கு எங்கே இடம் என்பதை உழைப்பு தீர்மானிக்கவில்லை, வங்கிக் கணக்கு தீர்மானித்திருக்கிறது. இந்த வரலாற்றிலிருந்து நான் கண்டது இதுதான்.

உடன்பாடும் சட்டங்களும் நூலகங்களில் இருக்கும். அவற்றின்படி வாழ்ந்தவர்களின் தாள்கள் அங்கே இருக்காது. சங்கரன்கோவில், புளியங்குடி, கரிவலம்வந்தநல்லூர், திருவேங்கடம், கடையநல்லூர் பக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டியில் தாயகம் திரும்பியோருக்குக் கொடுத்த குடும்ப அட்டை, கண்டியில் வாங்கிய பழைய இந்தியப் பாஸ்போர்ட், தற்காலிக வசிப்பு அனுமதி, தோட்டத்து விலகல் சீட்டு, சேமலாப நிதிக் கடிதம், மலேயாச் சிவப்பு அட்டை என்று எது இருந்தாலும் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. இப்படிப்பட்ட தாள்களின் அருமை தெரிந்த இடம். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் தாலுகா அலுவலகம் பக்கம் வரும்போது என் மேசையில் கொண்டுவந்து காட்டுங்கள். நகல் எடுத்துக்கொண்டு, மூலத்தை அன்றைக்கே உங்கள் கையில் திருப்பித் தந்துவிடுகிறேன். தாளைப் பற்றிச் சொல்லத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால், அவரையும் கூட்டிவாருங்கள்.